பெருச்சாளியின் விரல்

அக்கா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். தவளைக்குச் சட்டை மாட்டிவிடுவாள், யானையைச் சிரிக்க வைப்பாள். ஆனால் மனிதர்களிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். பேச்செல்லாம் தங்கைக்குப் போய்விட்டது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

தங்கை மழலையர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். பிள்ளைகள் திருப்பிச் சொன்னால் பாட்டுத் தேறியது. இல்லாவிட்டால் அது தண்ணீரோடு போய்விடும். தேறியவற்றில் ஒன்று:

குண்டுப் பெருச்சாளி குடையத் தூக்கிச்சாம்,
கொட்டுற மழையும் கூடவே போச்சாம்!

குடையைத் திருடிய பெருச்சாளி எங்கே ஓடினாலும், ஊரெல்லாம் வெயிலடிக்க, அதன் தலைமேல் மட்டும் மழை கொட்டும். அதுதான் கதை.

நோயில் படுத்த தங்கை எழுந்திருக்கவேயில்லை. அவள் பெயர் ஓர் அட்டையிலாவது இருக்கட்டும் என்று அந்தப் பாட்டைத் தான் படம் போடும் பதிப்பகத்து முதலாளியிடம் அக்காதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அட்டையின் மாதிரி வந்தபோது, பாட்டு எழுதியவர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர் இருந்தது.

"செத்தவங்க பேரு சின்னப் புள்ளைங்க புத்தகத்துல எதுக்கும்மா? பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போய்ப் படிச்சுக் காட்ட ஆள் வேணாமா? படத்துக்கு உன் பேரைக் கொட்டை எழுத்துல போட்டிருக்கேன் பாரு."

அக்கா மாதிரியை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். எதிரே தங்கையின் நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. கையில் இருந்ததோ தூரிகை. மற்ற படங்கள் முடிந்திருந்தன. பெருச்சாளி மட்டும் பாக்கி.

வருஷக்கணக்காக எதிரில் உட்கார்ந்து பார்த்த முதலாளியின் முகம். காதோரத்து மயிர், சட்டைப்பையில் மூன்று பேனா, தொப்பைமேல் ஏறி நிற்கும் பெல்ட், பக்கம் புரட்டுமுன் நாக்கில் தொடும் ஆள்காட்டி விரல். ஒன்றையும் விடவில்லை. மூக்கை மட்டும் கொஞ்சம் நீட்டினாள். அதற்கும் அதிக வேலையில்லை.

பக்கம் வடிவமைக்கும் பெண் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா! வேலை போயிடும்க்கா!"

"போகட்டும். என் தங்கச்சியே போயிட்டா."

முதலாளி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "பெருச்சாளி பிரமாதம்! யாரைப் பார்த்துப் போட்டே?"

"தினம் பார்க்கிறதுதான் சார்."

வெளியீடு ஒரு பள்ளி நூலகத்தில் நடந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, முதலாளி நாற்காலியில் அமர்ந்து, புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்துப் படித்தார். அக்கா பின்னால் சுவரோரம் நின்றாள். பெருச்சாளி வரும் பக்கம் வந்தது. அவர் அடுத்த பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டார். படத்திலும் விரல் நாக்கில்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "ஐயோ, இவருதான் அது!"

அவ்வளவுதான். "பெருச்சாளி மாமா! குடையக் குடுங்க!" என்று அறையே அலறியது. ஆசிரியைகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி அசடு வழியச் சிரித்தார். சிறுமி விடவில்லை.

"அது யாரு குடை மாமா?"

அவர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டப் பார்த்தார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"என் தங்கச்சியோடதும்மா. இந்தப் பாட்டும் அவளோடதுதான்."

மறுவாரம் முதலாளி அக்காவின் வீட்டுக்கே வந்தார். "போற பள்ளிக்கூடமெல்லாம் பெருச்சாளி மாமாங்குதுங்க. என் பேரனும் அப்படித்தான் கூப்பிடறான். அடுத்த பதிப்புல முகத்தை மாத்திடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"மாத்தறேன். முதல்ல நீங்க பேரை மாத்துங்க."

மாற்றினார். தங்கையின் பெயர் அட்டைக்கு வந்தது. அக்காவும் சொன்ன சொல் தவறவில்லை. பெருச்சாளிக்கு வேறு முகம் வந்தது; காது மயிர் போயிற்று, போனால் போகிறதென்று பேனாக்களும் பெல்ட்டும்கூடப் போயின. புதுப் பிரதியைப் புரட்டிய முதலாளி ஒரு பக்கத்தில் நின்றார். "விரலு?"

"முகத்தைத்தானே சார் மாத்தச் சொன்னீங்க?"

இப்போதெல்லாம் அவர் காய்ந்த விரலால்தான் புரட்டுகிறார். இரண்டிரண்டு பக்கமாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. "நாக்குல தொடுங்க மாமா!" என்று பிள்ளைகள் கத்துகின்றன.