இடப்பக்கம் இழுத்த புது வண்டி

பெங்களூர் பீன்யாவில் ஒரு பம்பு கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து, “ஒரு நிமிஷம் லைன்ல இருங்க” என்று சொல்லியே பாதி வயசைக் கழித்தவள் யூனிஸ். தொண்ணூற்றேழில் கம்பெனிக்காரர்கள் தானாகவே போனை எடுத்துத் தானாகவே பேசும் ஒரு மெஷினை வாங்கி வைத்தார்கள். யூனிஸுக்கு மாலை போட்டு, கை குலுக்கி, கையில் ஒரு செக்கையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் சும்மா உட்காருவது அவளுக்கு ஒத்துவராது. அவள் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டினவர். மகளுக்குப் பதினெட்டு முடிந்ததுமே ஸ்டியரிங்கைக் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே அடுகோடியில் பெண்களுக்கு மட்டும் ஒரு டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிப்பது என்று முடிவு செய்தாள். புருஷன் ஓஸ்வால்ட் பிஸ்கட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், எதற்கும் பதறாத மனுஷன். “ஒரு பழைய வண்டி வாங்கிக்கலாமே” என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

“இன்னொருத்தர் கெடுத்து வெச்ச வண்டியில நான் சொல்லிக்கொடுக்க மாட்டேங்க. புதுசுன்னா புதுசுதான்” என்றாள் யூனிஸ்.

அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அவள் வாங்கிய வண்டியை இன்னொருத்தர் கெடுத்திருக்கவில்லை. கம்பெனியே கெடுத்திருந்தது.

ஷோரூமில் சாவியை வாங்கியபோது நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். யூனிஸ் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. வைத்தவர்கள் மனசு நோகக் கூடாது என்று ஒன்றும் சொல்லவில்லை. பழத்தை நசுக்கி ஏறிய வண்டி லேசாக இடப்பக்கம் போயிற்று. பழத்தால்தான் என்று நினைத்தாள். ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டியும் அது இடப்பக்கமே போனபோது, பழம் அவ்வளவு தூரம் கூட வராது என்று புரிந்தது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டால் போதும், இடப்பக்கம் சொந்தக்காரர் வீடு இருப்பது போல வண்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மறுநாளே சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே கிரண் என்று ஒரு பையன், கழுத்தில் டை, வாயில் எப்போதும் சிரிப்பு.

“வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். நம்ம பெங்களூர் ரோடே அப்படித்தான். மழைத்தண்ணி ஓடறதுக்காக ஓரம் சரிவா போட்டிருப்பாங்க. சரிவுல வண்டி இடப்பக்கம்தான் போகும்.”

“அப்போ மத்தவங்க வண்டியெல்லாம் நேரா போகுதே?”

“அவங்க கவனிச்சிருக்க மாட்டாங்க மேடம்.”

யூனிஸ் சண்டை போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கிரணைப் பிடித்து வண்டியில் உட்கார வைத்து வைட்ஃபீல்ட் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். புதிதாக லேஅவுட் போட்டு, ரோடு மட்டும் வந்து வீடுகள் வராத இடம். அங்கே ரோட்டின் வலது ஓரமாக வண்டியை ஓட்டினாள். அந்த ஓரத்தில் சரிவு வலப்பக்கம். வண்டி அந்தச் சரிவை மதிக்காமல் மேடேறி இடப்பக்கம் போயிற்று.

“இப்போ என்னப்பா சொல்றே?”

கிரண் வெளியே எட்டிப் பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். “இந்த ரோட்டுலயும் ஏதோ ப்ராப்ளம் இருக்கு மேடம்.”

அதற்கப்புறம் வண்டி சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அலைன்மென்ட் பார்த்தார்கள். டயரை மாற்றிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ‘வாடிக்கையாளர் திருப்தி’ என்று ரசீதில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்த முத்திரையை யாரும் அவளைக் கேட்டுக் குத்தவில்லை.

கடைசியில் அடுகோடியிலேயே வொர்க்‌ஷாப் வைத்திருந்த சின்னப்பாவிடம் காட்டினாள். டிரைவிங் ஸ்கூல் வண்டிக்குச் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக்கும் கிளட்சும் வேண்டுமே, அதைப் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். அவர் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“அக்கா, பின்னாடி அச்சையே கோணலா உக்கார வெச்சிட்டானுங்க. முன்னாடி நீ இன்னா பண்ணாலும் பின்னாடி அது தள்ளினேதான் இருக்கும். இத்த ரிப்பேர் பண்ண முடியாது. வண்டியைத் திருப்பிக் குடு.”

அவள் கம்பெனிக்கு எழுதினாள். பதில் வந்தது. வண்டியில் குறை எதுவும் இல்லை என்றும், வெளி ஆளை வைத்துப் பெடல் பொருத்தியிருப்பதால் குறை இருந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை என்றும் அதில் இருந்தது. கீழே ‘பிரகாஷ், ரீஜனல் சர்வீஸ் மேனேஜர்’ என்று கையெழுத்து.

இந்தப் பிரகாஷை எப்படியாவது நேரில் பிடித்துவிட வேண்டும் என்று யூனிஸ் போனை எடுத்தாள். “சார் மீட்டிங்ல இருக்கார்” என்றது அந்தப் பக்கத்துக் குரல். யூனிஸுக்கு அந்தக் குரல் மேல் கோபம் வரவில்லை. அதே பொய்யை அதே இனிப்போடு சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்னவள்தானே அவளும். மறுநாள் கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணும் யூனிஸும் சினேகிதமாகி, கல்யாணம் காட்சி என்று எல்லாம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிரகாஷ் மட்டும் மீட்டிங்கிலிருந்து வெளியே வரவில்லை.

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ யூனிஸ்” என்று பெங்களூர்க்காரர்களின் மந்திரத்தைச் சொன்னார் ஓஸ்வால்ட். “உன்னோட நான் பண்ணிக்கலையா?”

முதலில் அவருக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது. ஆனாலும் பேங்க் தவணை நிற்காது, ஸ்கூலில் சேர்ந்த பெண்கள் காத்திருக்க மாட்டார்கள். ஊரே ஒத்துக்கொண்ட வழியில் யூனிஸும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டாள். தன்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம், “ஸ்டியரிங்கை எப்பவும் ஒரு சிட்டிகை வலப்பக்கம் பிடிச்சுக்கோம்மா. இந்த வண்டிக்கு மட்டும்தான்” என்று சொல்லிக்கொடுத்தாள்.

பெண்கள் கெட்டிக்காரிகள். உப்புப் போடுவது மாதிரி அந்தச் சிட்டிகையைக் கணக்காகப் போட்டு, நூல் பிடித்தது போல ஓட்டினார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்டும் அதே வண்டியில்தான். ஒருத்தி பாக்கியில்லாமல் பாஸானார்கள். “இவ்வளவு நேரா ஓட்டற லேடீஸை நான் பாத்ததில்ல” என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார். யூனிஸ் டிரைவிங் ஸ்கூலின் பெயர் கோரமங்கலா வரை பரவியது. வாரத்துக்கு இரண்டு பேராவது புதிதாகச் சேர்ந்தார்கள்.

‘இந்த வண்டிக்கு மட்டும்’ என்பது மண்டையில் ஏறியது. கையில் அது ஏறவில்லை.

முதலில் வந்தவள் லீனா, ஸ்கூல் டீச்சர். சொந்த வண்டி எடுத்த வாரமே டிவைடரில் உரசியிருந்தாள். “என்னன்னே தெரியல ஆன்ட்டி, நான் நேராத்தான் போறேன். ரோடுதான் ஒரு மாதிரி போகுது.”

“ரோடு எங்கேம்மா போகும்? நீ கவனமா ஓட்டு” என்றாள் யூனிஸ். சொல்லி முடித்ததும் இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம் பிரிஜெட் வந்தாள், வலப்பக்கக் கண்ணாடி இல்லாமல். யூனிஸ் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஓஸ்வால்டிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “கம்பெனிக்காரன் ஒரு வண்டியைத்தான் கோணலா பண்ணான்” என்றார். மிச்சக் கணக்கை யூனிஸே போட்டுக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அதன் முன்பக்கம் வலது மூலை நசுங்கி, ஒரு விளக்கு கண்ணைப் பிதுக்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கியவர் பெல்லை அடித்த அடியிலேயே கோபம் தெரிந்தது. கூடவே மமதா இறங்கினாள். போன மாதம் லைசென்ஸ் வாங்கிய பெண், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“ஏனு ரீ இது?” என்று கன்னடத்தில் தொடங்கிய மனுஷன், யூனிஸின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். “என்ன மேடம் சொல்லிக்கொடுக்கறீங்க நீங்க? என் வைஃப் எனக்குத் தெரியாம வந்து கத்துக்கிட்டா. சர்ப்ரைஸாம்! கேட்டுக்குள்ளே நேரா வர்ற வண்டியைக் கொண்டு போய் வலப்பக்கத் தூண்ல இடிச்சிருக்கா. தூணே போச்சு!”

“உக்காருங்க சார். தண்ணி குடிங்க.”

“தண்ணி வேணாம். லைசென்ஸ் வாங்கிக் குடுக்கற லட்சணமா இது? நான் வண்டிக் கம்பெனியிலயே இருக்கறவன். எனக்கு எல்லாம் தெரியும். பிரகாஷ், ரீஜனல் சர்வீஸ் மேனேஜர்!”

 எத்தனையோ மாசமாக யூனிஸ் தேடிய மனுஷன், மீட்டிங்கை எல்லாம் முடித்துக்கொண்டு, தானே வந்து அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க சொல்றது சரிதான் சார். தப்பு என்மேலதான். மமதா கத்துக்கிட்ட வண்டி இதுதான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுத் திட்டுங்க.”

கோபத்தில் இருந்த பிரகாஷ், அது தன் கம்பெனி வண்டி என்பதைக்கூடக் கவனிக்காமல் ஏறி உட்கார்ந்தார். யூனிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள், மமதா பின்னால். தெருமுனை தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் வண்டி தன் வழக்கப்படி ஓரத்தில் இருந்த இளநீர்க் கடையைப் பார்க்கப் புறப்பட்டது. பிரகாஷ் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வளைத்தார். நேராக்கினார். வண்டி மறுபடியும் இளநீருக்கே போனது.

“என்ன வண்டி மேடம் இது!” என்று அலறினார். “இதையெல்லாம் ரோட்டுல எடுத்துட்டு வரலாமா? யாரு வித்தான் இதை உங்களுக்கு?”

“நீங்கதான் சார்.”

பிரகாஷ் ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த கம்பெனிச் சின்னத்தை அப்போதுதான் பார்த்தார்.

“ரோடு சரிவா இருக்கும் சார்” என்று யூனிஸ் மெதுவாகச் சொன்னாள். “நான் எழுதினதுக்கு நீங்க போட்ட பதில் வீட்டுல இருக்கு. குறை எதுவும் இல்லைன்னு.”

பின்னால் இருந்து மமதா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “அப்போ நான் தூணை இடிச்சது யாரால?” என்று கன்னடத்தில் கேட்டாள். பிரகாஷ் அடுத்த திருப்பத்திலேயே வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கம்பெனி மனசு மாறியதற்கு யூனிஸின் நியாயமோ சின்னப்பாவின் நூலோ காரணமில்லை. பிரகாஷ் வீட்டில் அடுத்த சில நாட்கள் நடந்ததுதான் காரணம் என்று மமதாவே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னாள். எப்படியோ, பதினைந்து நாளைக்குள் பிரகாஷ் ஒரு பேப்பரோடு வந்தார். முழுப் பணத்தையும் கொடுத்து வண்டியைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும். ஒரு சின்ன விஷயம் மட்டும்தான் பாக்கி. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, தனக்குப் பூரண திருப்தி என்று யூனிஸ் கையெழுத்துப் போட வேண்டும்.

“குறையே இல்லாத வண்டியை ஏன் சார் திரும்ப வாங்கறீங்க?”

“நல்லெண்ணத்துல மேடம். டெல்லியில லீகல்காரங்க அப்படித்தான் எழுதச் சொல்றாங்க. குறைன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லாரும் வருவாங்க.”

ஓஸ்வால்ட் அவள் காதருகே வந்து, “போட்டுடு” என்றார். யூனிஸுக்குக் கை வரவில்லை. டெலிபோன் போர்டில் சொன்ன பொய்கள் காற்றோடு போய்விட்டன. இது அவள் பெயரோடு பேப்பரில் நிற்கும். நாளைக்கு இதைக் காட்டியே யார் தலையிலாவது அந்த வண்டியைக் கட்டிவிடுவார்கள்.

“திரும்ப எடுத்த வண்டியை என்ன சார் பண்ணுவீங்க?”

“ட்ரெயினிங் சென்டருக்குக் குடுத்துடுவோம். பசங்க பிரிச்சுப் போட்டுக் கத்துக்குவாங்க.”

“அதையும் இதுல எழுதுங்க.”

அவர் எழுதினார். அவள் பேனாவை வாங்கி, குறை இல்லை, திருப்தி என்று டைப் செய்திருந்த கடைசி இரண்டு வரியையும் அடித்துவிட்டு, ‘இந்த வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில் எனக்குப் பூரண திருப்தி’ என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டெல்லிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பிரகாஷ் பயந்தார். டெல்லியில் யாரும் அதைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது. பணம் வந்துவிட்டது.

வேறு கம்பெனியில் ஒரு புது வண்டி வாங்கினாள். வாங்குவதற்கு முன்னால் சின்னப்பாவை ஷோரூமுக்கே கூட்டிப்போய் நூல் பிடித்துப் பார்க்க வைத்தாள். விற்பனைக்காரப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வண்டி நேராகப் போனது. முதல் இரண்டு நாள் யூனிஸ்தான் அதை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் அவள் செய்ததைத்தான் ஓஸ்வால்ட் எதிர்பார்க்கவில்லை. பழைய வண்டியில் கற்றுக்கொண்ட ஒவ்வொருத்திக்கும் போன் போட்டாள். “உனக்குச் சொல்லிக்கொடுத்ததுல ஒரு கோணல் இருக்கும்மா. தப்பு என்னோடது. வா, காசு வேணாம், சரி பண்ணித் தரேன்” என்று நேராகவே சொன்னாள். மமதா முதல் ஆளாக வந்தாள். லீனா வந்தாள். மூன்றாவது நாளே அவள் கை நேராகிவிட்டது. சில பேர் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தார்கள். ஒருத்தி, புருஷனே பக்கத்தில் உட்கார்ந்து திட்டித் திட்டிச் சரி பண்ணிவிட்டார் என்றாள்.

பிரிஜெட்தான் மசியவில்லை. “என் டிரைவிங்ல ஒரு குறையும் இல்ல ஆன்ட்டி. இன்ஸ்பெக்டரே சொன்னாரு. அந்த டிவைடரை ரொம்பக் கிட்டக் கட்டிட்டாங்க, அவ்ளோதான்.”

“இருக்கட்டும்மா” என்றாள் யூனிஸ். “ஒரு நிமிஷம் லைன்ல இரு” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பிரிஜெட்டின் வண்டியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரி பண்ணிவிடுவது என்று, அவள் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கக் கிளம்பினாள்.