தொண்டையில் தேடிய முள்

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய சொல் விசர். கறிக்கு உப்புப் போட மறந்தால் எனக்கு விசர். துறைமுகத்திலிருந்து வந்து சாப்பிடாமல் படுத்தால் என் கணவருக்கு விசர். துறைமுகத்தில் மதியச் சங்கு ஊதும்போதெல்லாம் கழுத்தை நீட்டி ஊளையிடுகிற எங்கள் நாய்க்கு முழு விசர். பைத்தியத்துக்கும் வெறிநாய் நோய்க்கும் அது ஒரே சொல் என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். "விசரி" என்று அவர் கூப்பிட்டால் நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் சாம்பல்தீவில் பிறந்து, கல்யாணம் முடித்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தவள். அவருக்கு இழுவைப் படகில் வேலை. மகளுக்கு அப்போது ஏழு மாதம். நாயின் வயது எவருக்கும் தெரியாது. மாற்றலாகிப் போன ஒரு குடும்பம் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன்.

எங்களிடம் வந்தபோது அதன் முதுகில் மயிரே இல்லை, முழுக்கச் சொறி. காதுகளுக்குள் உண்ணி. நான் கந்தகத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினேன். வேப்பிலை அவித்த தண்ணீரில் குளிப்பாட்டினேன். உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போட்டேன். இரண்டு மாதத்தில் மண்ணிற மயிர் மினுங்க நின்றது. அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வரிசையில் எந்தப் பூனைக்கு வயிற்றோட்டம் என்றாலும், எந்த நாய் செருப்புத் தின்றாலும், எந்தக் கடுவன் பூனை அரிசிச் சாக்கில் மூத்திரம் பெய்தாலும் என்னிடம்தான் வருவார்கள். "நாய் டாக்குத்தரிட்டக் கேளுங்கோ" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். நான் கேலியைத் தள்ளிவிட்டு டாக்குத்தரை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒரு பூனையின் வாய்க்குள் விரலை விட்டு மீன் முள்ளை எடுத்திருக்கிறேன். அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் குசினியின் பின்பக்கம் நாய் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. வாய்நீர் நூலாகத் தரையில் வடிந்துகொண்டிருந்தது. முன்காலால் முகத்தைத் தேய்த்தது. முதல் நாள் அதற்குப் பாரை மீனின் தலையைப் போட்டிருந்தேன். மீன் தின்னும் ஊரில் ஒரு பிராணி வாய்நீர் ஒழுக்கினால் முள் என்றுதான் நினைப்போம். வேறு நினைப்பே வராது.

சோற்றை உருண்டையாகப் பிடித்து வாயில் வைத்தேன். விழுங்கினால் முள்ளும் சேர்ந்து இறங்கும், எங்களுக்கும் அதுதான் வைத்தியம். சோறு அப்படியே வெளியே விழுந்தது. பிறகு அதன் தலையை என் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். அது உறுமவில்லை. வாயை இன்னும் கொஞ்சம் திறந்து தந்தது. தொண்டை வரைக்கும் விரல்களால் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் விட்டேன். கையை வெளியே எடுத்தபோது விரல் மொழியில், கையின் மேற்பக்கத்தில், ஒரு கீறல். கடி இல்லை. பல் பட்டிருக்கும் என்று தண்ணீரில் கழுவிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தயிர்க்காரர் வந்தார். கிண்ணியாவிலிருந்து கடல் கடந்து வந்து வீடு வீடாகத் தயிர் கொடுக்கிறவர், வரிசையில் எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் முறை. எப்போதும் குசினி வாசல் வரைக்கும் வருகிற மனிதர் அன்றைக்குப் படலையிலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி, நாய்க்குக் கிட்டப் போகாதீங்க."

"முள்ளுத்தான் நானா. நேற்றுப் பாரைத் தலை போட்டனான்."

"முள்ளாயும் இருக்கும்." தயிர்ச் சட்டியை அவர் கீழே வைக்கவில்லை. "எங்கட ஊர்ல ஒரு மாடு இப்படித்தான் வாயத் திறந்துக்கிட்டு நிண்டுச்சு. மாங்கொட்டை சிக்கிட்டெண்டு மாட்டுக்காரன் முழங்கை மட்டும் கைய விட்டுத் தேடினான்."

"பிறகு?"

"மாட்டுக்கு விசர்."

"மாட்டுக்காரனுக்கு?"

அவர் என் கையைப் பார்த்தார். "நீங்க கைய வெச்சீங்களா?"

"இல்லை," என்றேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அதுதான் காரணம். அன்றைக்கு அவர் சொன்ன விசர் எங்கள் வீட்டு விசர் இல்லை.

மதியம் கணவர் வந்தார். தயிர்க்காரர் சொன்னதைச் சொன்னேன், என் கையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் நாயைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் முருங்கையோடு சங்கிலியில் கட்டினார். மிருக வைத்தியர் மாடுகளுக்கு ஊசி போடக் கந்தளாய்ப் பக்கம் போயிருந்தார், வர ஒரு கிழமையாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, எவரையும் கடிக்காவிட்டால் கட்டி வைத்துப் பத்து நாள் பார்க்கச் சொன்னார்கள். பத்து நாளும் உயிரோடு இருந்தால் அது விசர் இல்லை. "ஒருத்தரையும் கடிக்கேல்லை எண்டு சொன்னனான்," என்றார் கணவர். நான் மகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடியும் மடித்தேன்.

விசர் பிடித்தவர்கள் தண்ணீரைக் கண்டால் நடுங்குவார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அடுத்த நாள் காலை ஒரு குவளைத் தண்ணீரை மேசையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு படபடத்தது. தண்ணீருக்கா படபடக்கிறது, தண்ணீருக்குப் படபடக்குமோ என்ற பயத்துக்கா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. குடித்தேன். இறங்கியது. ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குடித்துப் பார்த்தேன். எங்கள் வாசலில் நின்றால் கடல், வீதி முனையில் திரும்பினாலும் கடல். இந்த ஊரில் தண்ணீரைப் பார்க்காமல் எப்படி இருப்பது? பார்க்கிற ஒவ்வொரு தரமும் என்னை நானே சோதித்தேன்.

பிள்ளைக்குப் பால் கொடுப்பதை அன்றே நிறுத்திவிட்டேன். வற்றிவிட்டது என்று சொல்லிப் பால்மா கரைத்துக் கொடுத்தேன். அவள் போத்தலைத் தட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். நான் கிணற்றடிக்குப் போய், கட்டிப் போயிருந்த பாலைப் பிழிந்து மண்ணில் விட்டேன். நாய் சங்கிலியின் எல்லையில் படுத்தபடி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு அதன் மேல் வெறுப்பு வந்தது. சொறிக்கு எண்ணெய் பூசிய அதே கையை நாள் முழுக்கச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளை அழுகையை நிறுத்தவே இல்லை. கணவர் தூக்கி உலாத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஏனப்பா ஒருக்காவெண்டாலும் பால் குடுத்துப் பாக்கேல்லை? உனக்கென்ன விசரே?"

வழக்கமான பேச்சுத்தான். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு ஓடி வந்தார்.

"கையை விட்டனான்! அதின்ர வாய்க்குள்ள ரெண்டு தரம் கையை விட்டனான்!"

அவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். கீறல் காய்ந்து கறுத்திருந்தது. அவர் முகம் வெளுத்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. "மூண்டு நாளா சொல்லாமலே இருந்தனீ?" என்றார், மெதுவாக. அதற்குப் பதில் ஏசியிருக்கலாம்.

காலையில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தொப்புளைச் சுற்றி நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசி. முதல் ஊசியைப் போட்டுவிட்டு டாக்குத்தர் பொறுமையாகச் சொன்னார். "நாய் சாகாமல் இருக்கிறதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. அதைப் பத்திரமா வைச்சுப் பாருங்கோ."

ஆனால் எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது. ஒவ்வொரு காலையும் அது உயிரோடுதான் இருந்தது, ஆனால் எலும்பு தெரிய மெலிந்து, வாய் மூடாமல், நாற்றமடித்துக்கொண்டு. செத்துக்கொண்டிருக்கிறது என்றே எனக்குப் பட்டது. மதியச் சங்கு ஊதியபோது எழுந்து கழுத்தை நீட்டியது. ஊளை வரவில்லை. ஈரமாக ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. அதைக் கேட்டதும் நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். பத்து நாள் என்னால் முடியாது. செத்த நாயின் தலையைக் கொழும்புக்கு அனுப்பினால் சோதித்து முடிவு சொல்வார்கள் என்று தெரிந்திருந்தது.

"சுட்டுப்போட்டுத் தலையை அனுப்புங்கோ," என்றேன் கணவரிடம். "எனக்குத் தெரியவேணும்."

"டாக்குத்தர் பொறுக்கச் சொன்னவரெல்லோ?"

"ஊசி போடுறது எனக்கு. அவருக்கில்லை."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்.

கணவரின் வேலைக்கூட்டாளி ஒருவர், கப்பல்துறை என்ற ஊர்க்காரர், காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த துவக்கோடு அடுத்த நாள் பின்னேரம் வந்தார். தலை பழுதாகக்கூடாது என்று நான்தான் சொல்லிவிட்டேன். அதையும் யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்தது. துவக்கைக் கண்ட நாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது.

"அக்கா, ஒருக்காக் கூப்பிடுங்கோ," என்றார் அவர்.

குசினி வாசலில் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தது. சங்கிலி இழுபடும் தூரம் வரைக்கும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. நான் உள்ளே திரும்பிப் பிள்ளையின் காதுகளைப் பொத்தினேன்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, தலையை எடுத்து முடித்துத் துவக்குக்காரர் வாசலுக்கு வந்தார். கைகளில் சாக்கைச் சுற்றியிருந்தார். ஒரு வாழையிலைத் துண்டைத் தரையில் வைத்து விரித்தார். அதில் விரல் நீளத்தில் ஒரு முள் இருந்தது, பாரைத் தலையின் தட்டை முள், ஒரு முனை உடைந்து கூராக.

"இதுதான் கிடந்தது அக்கா. மேல் அண்ணத்தில, ரெண்டு பக்கக் கடவாய்ப் பல்லுக்கும் நடுவில, குறுக்கால இறுகி."

தன் வாயைத் திறந்து, சாக்குச் சுற்றிய விரலால் இடத்தையும் காட்டினார். கணவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

முள் இருந்ததால் விசர் இல்லை என்று ஆகிவிடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலையை மரத்தூளும் ஐஸும் போட்ட தகரத்தில் வைத்துக் கொழும்புக்கு ரயிலில் அனுப்பினார்கள். நான் தினமும் போய் வயிற்றைக் காட்டினேன். வீக்கத்தின் மேலேயே ஊசி இறங்கியது. பயம் குறையவில்லை. ஆனால் இப்போது அதற்குள் இன்னொன்றும் சேர்ந்திருந்தது, அதை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழாம் ஊசிக்குப் போன அன்று டாக்குத்தர் ஒரு கடிதத்தைக் கையில் வைத்திருந்தார்.

"நாய்க்கு விசர் இல்லை. இனி ஊசி வேண்டாம். சந்தோஷமாப் போய்ப் பிள்ளைக்குப் பாலைக் குடுங்கோ."

கணவர் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து மகளை மடியில் போட்டேன். அவள் வாயை வைத்தாள், இழுத்தாள், தலையைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் சொல்லிக்கொண்டிருந்த பொய் அதற்குள் உண்மையாகிவிட்டிருந்தது. பால் வற்றியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் விளையாட்டுக்குக்கூட விசர் என்று சொன்னதில்லை. சங்கு ஊதும்போது மட்டும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவோம்.

விரல் மொழியில் அந்தக் கீறல் வெள்ளைக் கோடாக இன்னும் இருக்கிறது. பல் பட்ட கீறல் என்றுதான் அத்தனை நாளும் நினைத்துப் பயந்தேன். அது கையின் மேற்பக்கத்தில் இருக்கிறது. நான் தொண்டையிலேயே தேடியிருக்கிறேன். முள் மேலே இருந்திருக்கிறது, என் கை அதன் கீழால் இரண்டு தரம் போய் வந்திருக்கிறது. என்னைக் கீறியது அந்த முள். நாய் வாயைத் திறந்து தந்துகொண்டு, அசையாமல் இருந்தது.