பேயும் குரங்கும் இல்லாத நூலகம்

1. சிறுவர் பகுதி

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் புத்தகக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, முதலாளி என்னைச் சிறுவர் பகுதிக்குப் போட்டார். பெண் பிள்ளை என்றால் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு. அப்போது எனக்குக் கலியாணம்கூட ஆகவில்லை.

"இங்க பாரும்மா," என்றார். "புள்ளைங்க புத்தகம் வாங்க புள்ளைங்க வராது. தாய் தகப்பன்தான் வருவாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து எடுத்துக் குடு."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வருகிறவர்கள் புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறப்பார்கள். கடைசியில் பயிற்சி வினா இருந்தால் நல்ல புத்தகம். இல்லாவிட்டால், "இதப் படிச்சு என்ன பிரயோசனம்?" ஒரு தகப்பன் மகனுடைய பிறந்தநாளுக்கென்று மாதிரி வினாத்தாள் தொகுப்பு ஒன்றை எடுத்தார். பளபளப்புத் தாளில் சுற்றச் சொன்னார். "ரிப்பன் கொஞ்சம் பெருசா கட்டுங்க மிஸ், புள்ள சந்தோஷப்படட்டும்." கட்டினேன். அந்தப் பிள்ளை தாளைப் பிரிக்கும் நேரத்தை நினைத்துக்கொண்டே கட்டினேன்.

இப்படி வருசக்கணக்கில் தாய் தகப்பன்மாரின் மூஞ்சியைப் பார்த்தே புத்தகம் விற்று, சிறுவர் பகுதிக்கு நான் பொறுப்பாளராகவும் ஆகிவிட்டேன். தெல்தோட்டைப் பாடசாலையின் புத்தக ஓடர் வரும்வரை அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

2. தெரிவுக் குழு

தெல்தோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நூலகம் தொடங்கப் பழைய மாணவர்கள் உதவி செய்திருந்தார்கள். புத்தகம் தெரிவு செய்ய இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பாடசாலை அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர், கவனமான மனிதர். மற்றவர் பழைய மாணவர் சங்கச் செயலாளர். கண்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். ஆணி எடுத்துப் பார்ப்பது போலவே புத்தகத்தையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேய் வருதா?" என்று கேட்டார் செயலாளர்.

"கடைசியில பேய் இல்ல, வேலைக்காரன்தான்னு தெரிஞ்சிரும் சேர்."

"அதுவரைக்கும் பயப்படும்ல? வேணாம்."

ஒரு பெண் பிள்ளை தனியாக பஸ் ஏறிக் கடல் பார்க்கப் போகும் கதை ஒன்றைக் காட்டினேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டில சொல்லிப்போட்டோ போறாள்?"

"இல்ல சேர்."

"அப்ப வையுங்கோ அங்கால. எங்கட ஊரிலயிருந்தும் பஸ் ஓடுது."

அடுத்தது சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதை. அதில் ஒரு குரங்கு மாம்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். கடைசிவரை பிடிபடாது.

"களவெடுத்ததுக்குத் தண்டனை இல்லையா?" என்றார் செயலாளர்.

"குரங்குதானே சேர்."

"குரங்கப் பாத்துத்தானே மிஸ் புள்ளைங்க பழகும்?"

அந்தப் பக்கத்துக் குரங்குகள் பள்ளிக்கூடக் கூரையிலேயே உட்கார்ந்து பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியைப் பறிப்பது அவருக்கும் தெரியும். குரங்கையும் ஒதுக்கி வைத்தேன். பெரிய ஓடர்.

மிஞ்சியவை: பிறக்கும்போதே நல்லவர்களாகப் பிறந்த பெரியவர்களின் வரலாறுகள், வெற்றிக்கு வழிகள், பொது அறிவு, ஒழுக்கக் கதைகள். ஒழுக்கக் கதைகளில் வரும் பிள்ளைகள் விடியற்காலையில் எழும்பிப் பல் துலக்குவார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்களுக்கு ஒன்றுமே நடக்காது.

இருவரும் திருப்தியாகத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

3. கண்ணாடி அலுமாரி

அந்த ஓடரில் பிந்தி வந்த ஒரு பெட்டியைக் கொடுக்க அடுத்த பள்ளித் தவணையில் நானே போனேன். கலஹாவைத் தாண்டிய பிறகு பஸ் வளைவுக்கு வளைவு நின்று நின்று போனது. நான் போன அன்றைக்கே வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு அதிகாரி அம்மாவும் நூலகம் பார்க்க வருவதாக இருந்தது. அதனால், புத்தகங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகும்படி அதிபர் கேட்டுக்கொண்டார்.

கண்ணாடி அலுமாரி பளிச்சென்று இருந்தது. உள்ளே நான் அனுப்பிய புத்தகங்கள், நான் அனுப்பிய மாதிரியே.

"பாருங்கோ மிஸ்," என்றார் அதிபர், பெருமையோடு. "தவணை முடியப்போகுது. ஒரு புத்தகத்தில ஒரு கீறல் இல்ல."

"பிள்ளைங்க அவ்வளவு கவனமா வாசிக்கிறாங்களா சேர்?"

"திறப்பு என்னட்டயெல்லோ இருக்கு." சட்டைப்பையில் இருந்த சாவியைத் தட்டிக் காட்டினார்.

அதிகாரி அம்மா வருவதற்குச் சற்று முன்னர் அலுமாரி திறக்கப்பட்டது. தரம் பத்துப் பிள்ளைகளை வாங்கில் உட்கார வைத்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். உயரமான பிள்ளைக்குத் தடித்த புத்தகம். படம் எடுத்தால் ஒழுங்காகத் தெரிய வேண்டுமே.

அதிகாரி அம்மா வந்தார். முன் வரிசையில் மாணவத் தலைவி பட்ஜோடு உட்கார்ந்திருந்த தனுஜா என்ற பிள்ளையிடம் போனார். "இந்த அலுமாரியில மகளுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம் எது?"

தனுஜா எழும்பினாள். "இன்னும் ஒண்ணும் படிக்கல மேடம். இன்னைக்குத்தான் தொறந்தாங்க."

அதிபர் சிரித்த முகத்தை மாற்றாமலே அவளுக்குக் கிட்டப் போனார். "என்ன கதைக்கிறீர் நீர்? பட்ஜ் குத்தினது இதுக்கோ? அதைக் கழற்றி வையும். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. "அம்மா கொழுந்துக்குப் போறாங்க சேர். வந்தா அன்னைக்குப் பேரு விழாது."

பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. கேள்வி கேட்டது அதிகாரி, பதில் சொன்னது பிள்ளை, சம்பளம் போகப் போவது மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு. தனுஜா பட்ஜைக் கழற்றத் தொடங்கினாள். கடைக்காரி நடுவே பேசலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி அம்மாதான் பேசினார். "இருங்க சேர். நான் கேட்டதுக்குத்தானே சொல்லுச்சு. மகள், அப்ப நீங்க ஒண்ணுமே வாசிக்கிறதில்லையா?"

"வாசிக்கிறோம் மேடம்."

"எங்க?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின் வாங்கிலிருந்து ஒரு பை முன்னுக்கு வந்தது. அதிலிருந்து அட்டை இல்லாத, ஓரம் கறுத்த, சாக்குத் தைக்கிற நூலால் தைத்த ஒரு புத்தகத்தை தனுஜா எடுத்தாள். மலையில் ஒரு பங்களா, அங்கே ஒரு கொலை. கடைசிப் பக்கங்களைக் காணோம். முந்தைய வகுப்புப் பிள்ளைகள் விட்டுப்போனதாம்.

"அப்ப கொலைகாரன் யாருன்னு?"

"தெரியாது மேடம். நாங்க டொக்டர்னு நெனக்கிறோம். அந்த வாங்கில உள்ளவங்க டிரைவர்ங்கிறாங்க."

அதிகாரி அம்மா புத்தகத்தை வாங்கி நின்றபடியே புரட்டினார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கென்று கொண்டுவந்த தேநீரில் ஆடை படர்ந்தது. அதிபர் இரண்டு முறை இருமினார். ஒரு பலனும் இல்லை.

"டொக்டரா இருக்க முடியாது," என்றார் கடைசியில். "அவர் அன்னைக்கு நுவரெலியாவுல."

"அப்படின்னு அவருதான் மேடம் சொல்றாரு. யாரு பாத்தா?"

வகுப்பே கிளம்பிவிட்டது. டிரைவர்தான், டிரைவர்தான் என்று ஒரு பக்கம் கத்தியது.

"டிரைவர் எப்பிடி ஏலும்?" என்றார் அதிபர். "அவனுக்கு வலக்கை முறிஞ்செல்லோ கிடக்கு!"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வருசம் இந்தப் புத்தகத்தை அவரே பறித்தெடுத்திருக்கிறார். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, இனிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று எச்சரித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். எச்சரிக்க ஒரு வாரம் எதற்கு என்று அதுவரை யாரும் கேட்கவில்லை.

"பறிச்சால் என்ன ஏதெண்டு பார்க்கத்தானே வேணும்," என்றார், அதிகாரி அம்மாவைப் பார்க்காமல்.

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. அதுதான் அவருடைய பதவிக்குரிய திறமை என்று நினைக்கிறேன். "அடுத்த முறை புத்தகம் எடுக்கப் பிள்ளைகளையே அனுப்புங்க சேர்," என்று மட்டும் சொன்னார்.

பட்ஜ் திரும்பவும் சட்டையில் ஏறியது. அம்மாவை வரச் சொன்ன பேச்சை அதற்குப் பிறகு அதிபர் எடுக்கவில்லை.

4. பிள்ளைகள் வந்தார்கள்

அடுத்த தவணை ஒரு வேனில் வந்தார்கள், அதிபரோடு. செயலாளர் முன்கூட்டியே எனக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். "புள்ளைங்ககிட்ட விட்டா குப்பையத்தான் மிஸ் அள்ளும்."

எனக்கும் உள்ளுக்குள் ஒரு திட்டம் இருந்தது. நொண்டி நாய் ஒன்றைப் பற்றிய ஒரு கதைப் புத்தகம். படித்து நானே அழுதிருக்கிறேன். அதை முன்னால் வைத்தேன். ஒரு பையன் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

"நாய் செத்துரும் மிஸ். அட்டையிலயே தெரியுது."

பேய்க் கதை எடுத்தார்கள். கேக் அடிக்கும் புத்தகம், மோட்டார் சைக்கிள் திருத்தும் புத்தகம், கடிஜோக் எடுத்தார்கள். அந்தக் குரங்கையும் எடுத்தார்கள், தம்பி தங்கைகளுக்கு என்று சொல்லிக்கொண்டு தாங்களே வாசித்தார்கள். நாய்க் கதையைத் திருப்பித் தந்தவனோ, குழு தெரிவு செய்த பெரியவர் வரலாறுகளில் ஒன்றைத் தேடிப் பிடித்தான். நான் வாயைப் பிளந்தேன். "இவர் சிறையிலேர்ந்து தப்பிச்சாராமே மிஸ்!" பிறக்கும்போதே நல்லவர் என்று நான் கேலி செய்த அதே பெரியவர்தான்.

கொலைக் கதையின் முழுப் பிரதி ஒன்றை மேல்மாடிக் களஞ்சியத்தில் தேடி எடுத்து வைத்திருந்தேன். தனுஜா நின்றபடியே கடைசிப் பக்கங்களை வாசித்தாள். மற்றவர்கள் சுற்றி நின்று கத்தினார்கள். அவள் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அதிபர் மெதுவாகக் கிட்டப் போனார். "டொக்டரோ?"

"அலுமாரியில வப்போம் சேர். நீங்களும் எடுத்துப் படிங்க."

"திறப்பு..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

5. கற்றுக்கொண்டது

அதன் பிறகு நான் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்குப் புத்தகம் வேண்டும் என்று யாராவது வந்தால், பிள்ளை எங்கே என்று கேட்பேன். செருப்பு வாங்கப் போகும்போது கூட்டிப்போய்க் காலில் போட்டுப் பார்க்கிறவர்கள், புத்தகத்துக்கு மட்டும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். சிலருக்குக் கோபம் வரும், அடுத்த கடைக்குப் போவார்கள். முதலாளிக்கும் இதில் அவ்வளவு திருப்தி இல்லை.

போன மாதம் புசல்லாவையிலிருந்து ஒரு அம்மா வந்தார். "பதிமூணு வயசுப் புள்ளைக்கு நல்ல புத்தகமா ஒண்ணு குடுங்க."

"புள்ள எங்க?"

"வெளிய நிக்கிறா. அவளுக்கு என்ன தெரியும் மிஸ்?"

கூட்டி வரச் சொன்னேன். வந்தாள். அம்மாவை ஒரு கதிரையில் உட்கார வைத்தேன். அந்தப் பிள்ளைக்குப் பின்னாலேயே போய், இது நல்லா இருக்கும், அது நல்லா இருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். அவள் மரியாதையாகவே கேட்டாள்.

"மிஸ், நீங்களும் கொஞ்சம் அங்கிட்டு உக்காருறீங்களா?"

போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.