நான் குறைத்த இருபத்தைந்து நிமிடம்

திருச்சி ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. வாசலில் அம்மா, அண்ணி, நான் மூன்று பேர் இருந்தோம். அப்பா இல்லை. செந்துறையில் பஸ் ஏறியவர், மகனை அந்த நிலையில் பார்க்கத் தைரியமில்லாமல் அரியலூரிலேயே இறங்கித் திரும்பிவிட்டார். நாங்கள் வேலை பார்த்த யார்டிலிருந்தும் யாரும் வரவில்லை. உள்ளே அண்ணன் நினைவில்லாமல் கிடந்தார். "ரெண்டு நாள் போகட்டும், இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

சகோதர சகோதரிகளே, அதற்கு நானே காரணம். அதை மறைத்துவிட்டுக் கர்த்தரைத் துதிக்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பெரம்பலூர் பக்கம் சிமெண்ட் குழாய் செய்யும் யார்டில் ஆபீஸ் வேலை. அண்ணன் அங்கேயே டிரெய்லர் ஓட்டினார். பக்கப்பலகை இல்லாத வண்டி. குழாய்களைச் சங்கிலிதான் பிடித்திருக்கும். அண்ணன் சங்கிலியை இறுக்கிவிட்டு, வண்டியை யார்டுக்குள் ஒரு சுற்று உருட்டுவார். அதற்குள் குழாய்கள் அமர்ந்து சங்கிலி தளர்ந்திருக்கும். இறங்கி மறுபடி இறுக்குவார். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்.

நான் ஒரு வாரம் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுற்றும் இரண்டாவது இறுக்கமும் வீண், இருபது நிமிடம் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முதுகில் தட்டினார். அதையே ரூலாக்கி கேட்டில் ஒட்டினேன்.

"காலேஜு வாட்ச் பாக்குது. சங்கிலிய அரணாக்கயிறா கட்டிக்கிட்டு ஓடுங்கடா" என்று டிரைவர்கள் சிரித்தார்கள்.

போன ஜூன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அண்ணன் ஒரே தடவை இறுக்கிவிட்டு ஏறினார்.

"உருட்டிப் பாக்கலையாண்ணே?"

"நீ போட்ட ரூலுடா. நானே மீறுனா அவனுவோ ஒன்னயத்தான் சிரிப்பானுவோ. போயிட்டு வரேன்."

நான் தடுக்கவில்லை. வண்டி கிளம்பும் சீட்டில் பதினெட்டு நிமிடம் என்று எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன்.

அரியலூருக்கு முன்னால் குறுக்கே மாடு வந்தது. அண்ணன் பிரேக் போட்டார். தளர்ந்த சங்கிலியை மீறிக் குழாய் சறுக்கி வந்து கேபினை நசுக்கியது.

இரண்டு நாளும் எனக்கு ஜெபம் வரவில்லை. வசனம் சொன்னால் பாதியில் நின்றது. மூன்றாம் நாள் காலை அண்ணி, "நீங்க படிச்சவங்க தம்பி, நீங்க கேட்டா குடுப்பாரு" என்றார். உடைந்துபோனேன். எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னேன். அவர் என் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஏசப்பா, உசிர மட்டும் குடுங்க." அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.

அன்று மதியம் அண்ணன் கண் திறந்தார். என்னிடம் முதலில் கேட்டது இதுதான்: "மத்தவனுவோகிட்ட சொல்லிட்டியா? உருட்டாம போவ வேணாம்னு?"

அப்போதே பஸ் ஏறி யார்டுக்குப் போய், கேட்டில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். மேனேஜர் கத்தினார். கத்தட்டும். இன்று எந்த வண்டிக்கும், ஒரு சுற்று உருட்டி, மறுபடி இறுக்கிய பிறகுதான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

மனப்பாரம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் ஜெபம் வருவதில்லை. ஆனாலும் அண்ணன் உயிரோடு இருக்கிறார். அது கர்த்தர் கொடுத்தது. செய்த தப்பால் கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? தப்பைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்.

அண்ணனின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடத்துக்கு நாங்கள் கொடுத்தது அது.