எமில் வோண்ட்ரா ஓடிய ஓட்டம்

எங்கள் ஒஹாயோ ஆற்றங்கரையில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம்தான். எமில் வோண்ட்ரா அதைப் பத்து வருடத்துக்கு மேல் ஆடினான், பந்தோடு ஓடியது ஒரே ஒரு தடவைதான். அவன் நடு ஆள். குனிந்து, பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் நிற்பவனுக்குத் தள்ளிவிட்டு, எதிரே வருகிறவனை மார்பால் தடுக்க வேண்டும். அவன் பக்கத்தில் நின்று தடுத்தவன் நான். பந்தோடு ஓடுகிறவர்களின் பெயரைத்தான் ஊரே கத்தும். எமிலின் பெயரை அவன் மனைவி டோரிஸ் மட்டும் கத்துவாள், அதுவும் "எமில், முட்டி பத்திரம்!" என்று.

வாரமெல்லாம் கண்ணாடி ஆலையில் உலையோடு வெந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைதானம்.

1958 நவம்பரில் அக்கரை ஊர்க்காரர்களோடு ஆட்டம். விடாத மழை. எங்கள் சிவப்புச் சட்டையும் அவர்களுடைய பச்சைச் சட்டையும் பாதி ஆட்டத்துக்குள் ஒரே சேற்று நிறமாகிவிட்டன. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

"என் முதுகுமேல உக்காந்திருக்கிறது எவன்டா?"

"உன் ஆளுதாண்டா! கால் புதைஞ்சுபோச்சு, எந்திரிக்க முடியல."

கடைசி நிமிடம்வரை யாரும் புள்ளி எடுக்கவில்லை. அப்போது அக்கரைக்காரன் ஒருவன் பந்தோடு வந்து எங்கள் கூட்டத்தில் மோதினான். எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தோம். பந்து வழுக்கி, எமிலின் காலடிக் குட்டையில் விழுந்தது. எமில் அதைக் கொஞ்சம் முறைத்துப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தான்.

ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். எதிரே ஒருவருமில்லை; பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினால் புள்ளி, வெற்றி எங்களுக்கு. டோரிஸ் குடையை வீசிவிட்டுக் கத்தினாள்: "ஓடுங்க! அய்யோ, ஓடுங்க!"

குவியலின் அடியிலிருந்து லாய்ட் எழுந்தான். டோரிஸின் தம்பி, எங்கள் அணியிலேயே வேகமானவன். கண் நிறையச் சேறு, திசை புரியவில்லை. பந்தோடு ஒரு சேற்று உருவம் போவது மட்டும் தெரிந்தது. துரத்திப் போய், எல்லைக் கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் பாய்ந்து காலைப் பிடித்தான்.

"விடமாட்டேண்டா, அக்கரைக்காரா!"

"டேய் மடையா, நான்டா! உன் மச்சான்!"

நடுவர் விசில் ஊதிவிட்டார். பூஜ்யத்துக்குப் பூஜ்யம். எமில் குப்புறக் கிடந்தபடியே கையை நீட்டினான். விரல் கோட்டைத் தொட்டது. பந்து வயிற்றுக்கடியில் இருந்தது.

அதன்பின் அவன் லாய்டோடு பேசவில்லை. ஆனால் அந்த மாதக் கடைசியில், குடும்பமெல்லாம் கூடி வான்கோழி சாப்பிடும் நன்றி நாள் விருந்து அக்கா டோரிஸ் வீட்டில். லாய்ட் வராமல் இருக்க முடியுமா? நானும் போயிருந்தேன். எமில் வான்கோழியை அறுத்து எல்லாருக்கும் வைத்தான், லாய்டின் தட்டை மட்டும் தாண்டிப் போனான்.

"கண்ணுல சேறு மச்சான், நெசமா ஒண்ணும் தெரியல."

"உன் அக்காவக் கட்டினப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

டோரிஸ் கரண்டியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். முதலில் சிரித்தது எமில்தான். வான்கோழியின் கால் ஒன்றை முழுசாகப் பிய்த்து லாய்டின் தட்டில் போட்டான்.

"காலப் புடிக்கத்தானே ஆசப்பட்ட? இந்தா, புடி."

இன்னும் இரண்டு பருவம் ஆடினான், முட்டி போய்விட்டது. பந்தோடு ஓடும் வாய்ப்பு மறுபடி அவனுக்கு வரவில்லை. அந்த ஓட்டம் முப்பது கஜம் இருக்கும். எமில் சொல்லும்போது நாற்பதானது, பேரன்களிடம் ஐம்பது. அவனை அடக்கம் செய்த அன்று, காபிக் கோப்பையோடு நின்ற லாய்ட், ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"எழுபது கஜம், ஃபாதர். கொட்டுற மழையில. நான் மட்டும் புடிக்காம இருந்திருந்தா..."

என்னைப் பார்த்தான்.

"எழுபதுக்குக் குறையாது, ஃபாதர்" என்றேன் நான்.