மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது

பெங்களூரில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கு அவ்வப்போது ஒரு தெர்மகோல் பெட்டி வரும். உள்ளே புகையும் உலர்பனிக்கு நடுவில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குப்பி. அதன் அடியில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு புரதம். மனித மூளையில், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி அது. மனித மரபணுவை வேறொரு செல்லுக்குள் வைத்து, அந்தச் செல்லை வேலை வாங்கிச் செய்தது. எந்த மருந்து அதில் ஒட்டுகிறது, எது நழுவுகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. குப்பியின் மேல், ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அச்சடித்திருப்பார்கள்.

என் அக்கா போடியிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள். போன மழைக்காலத்தில் முதலில் பேச்சைக் குறைத்தாள், அப்புறம் சோற்றை. ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கண்ணேறு என்றார்கள். காட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்றார்கள். புருஷன் திருப்பூரில் கிடந்தால் பின்னே எப்படி இருப்பாள் என்றார்கள். தேனியில் டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் குப்பியில் பார்க்கிற அதே செரட்டோனின் சமாச்சாரம்தான்.

தீபாவளி லீவில் நான் ஊருக்குப் போனபோது அலமாரியில் மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் பிரிக்காமல் இருந்தன. அக்கா முன்பைவிட மெலிந்திருந்தாள். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். ஏன் போடவில்லை என்று கத்தினேன்.

"காய் எடுப்பு இல்லாத நாள்ல ஒழுங்காத்தான் போடுறேன்," என்றாள்.

"எடுப்பு இருக்கற நாள்ல?"

"அதைப் போட்டா காலையில எந்திரிக்க முடியல. ஒரு நா ஜீப்ப விட்டாச் சரி. மறுநாளும் விட்டா என் எடத்துல வேற ஆள ஏத்திருவாக. அப்புறம் இந்த வருசத்துக்குச் சோலி இல்ல."

அவள் சொன்னது நிஜம். எங்கள் பக்கம் ஜீப்பில் யார் எங்கே உட்கார்வது என்பது வரை கணக்கு. ஒரு சுற்றுக் காய் எடுத்து முடித்தால் அடுத்த சுற்று வரை ஓய்வு. அக்கா மாத்திரையையும் அந்தக் கணக்கிலேயே தின்றிருக்கிறாள். விட்டு விட்டுப் போட்டால் பலிக்காது, மூளை பழகவே வாரக்கணக்கில் ஆகும், தூக்கக் கிறக்கம் ஆரம்பத்தில்தான் என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன். குப்பியைப் பற்றியும் சொன்னேன். போனில் படம் காட்டினேன்.

அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அதில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"மனுசன்கிட்ட இருக்கறதுன்னு சொல்ற. மனுசனுக்கு ஆகாதுங்கற."

"அது மருந்து இல்லக்கா. பரிசோதனைக்கு."

"இதே சாமான்தான் எல்லார் தலைக்குள்ளயும் இருக்கா?"

"ஆமா."

"என் தலையிலயும்?"

"ஆமாக்கா."

"பின்ன எனக்கு மட்டும் ஏன் புள்ள இப்பிடி?"

இத்தனை வருடம் அந்த ஏற்பியோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தெரியலைக்கா என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. "எல்லாரும் ஒரு காரணம் சொன்னாக. நீ ஒருத்திதான் தெரியலைங்கற," என்றாள். அலமாரியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "சரி, போடுறேன். ஜீப்புல என் எடத்துக்கு என்ன பண்ண?" என்றாள்.

அதற்கு ஊரில் ஒரு வழி உண்டு. உடம்புக்கு முடியாதவளின் வீட்டிலிருந்து இன்னொருத்தி போனால் இடம் நிற்கும். நான் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு லீவை ஒரு மாதம் நீட்டினேன்.

மறுநாள் ஹாரன் கேட்டதும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்தது. ஏலக்காய் செடியின் அடித்தூரில் காய்க்கும். நாளெல்லாம் குனிந்து, விளைந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். நான் பிஞ்சையும் சேர்த்துப் பிடுங்கினேன். "ஆத்தா, நீ படிச்சது போதும், காயைப் பாரு," என்றார் கங்காணி. சுற்றியிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே தங்கள் கூடையிலிருந்து எனக்கு அள்ளிப் போட்டார்கள். ஒருத்திகூட அக்காவுக்கு என்ன என்று கேட்கவில்லை. நான் திரும்பும்போது அக்கா பெரும்பாலும் படுத்திருப்பாள். மாத்திரை பலிக்காமல் போனால் என்ன செய்வது என்ற பயம் என்னை ஒரு நாளும் விடவில்லை. பலிக்காதவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

லீவு முடிகிற வாரத்தில் ஒரு காலை. நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் தெருவையே பார்த்தார். அக்கா தூக்குவாளியோடு வந்துகொண்டிருந்தாள், தலை சீவியிருந்தாள். பக்கத்தில் வந்து என் கையைத் தட்டினாள்.

"வெரசா எறங்கு. அது என் எடம்."