கடலுக்கு அடியில் இறக்கிய மைக்

1. செத்த கிளிப்

கிளிப்பை ஓட்டினேன். சத்த அளவைக் காட்டும் மீட்டர் அசையவே இல்லை.

கரையான்சாவடியில் மொபைல் கடைக்கு மேலே எங்கள் எடிட்டிங் அறை. ஆவணப்படங்களுக்கு சவுண்டு எடுப்பதும் தொகுப்பதும் என் வேலை. சென்னைக்கு வடக்கே, ஆலைக் கழிவு கலக்கும் கடலைப் பற்றிப் பள்ளிகளில் காட்ட ஒரு படம் செய்துகொண்டிருந்தோம். தண்ணீருக்குள் கேட்கும் மைக்கான ஹைட்ரோபோனை அங்கே இறக்கிப் பதிவு செய்திருந்தேன்.

இயக்குநர் ரெஜினா அக்கா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"இன்னாடி இது, ஒண்ணுமே இல்ல? மைக் பூட்ச்சா? லைப்ரரில கடல் சவுண்டு இருக்குல்ல, அத போட்டு ஃபில் பண்ணிடு. வெள்ளிக்கிழம ஸ்கிரீனிங்."

எங்கள் தொழிலில் அது வழக்கம்தான். சத்தம் இல்லாத இடத்தைச் சும்மா விடமாட்டோம். ஆனால் பழைய சத்தங்களைச் சேர்த்துவைத்திருக்கும் அந்த லைப்ரரியில் இருந்தது உயிருள்ள கடலின் சத்தம். அதைப் போட்டால், அங்கே எல்லாம் நன்றாக இருப்பதாக எங்கள் படமே பிள்ளைகளிடம் பொய் சொல்லும்.

"மைக்க டெஸ்ட் பண்ணிட்டு சொல்றேன்க்கா."

"பண்ணு. ஆனா சவுண்டு இல்லாம படம் போவாது, சொல்லிட்டேன்."

2. டெஸ்ட்

முதலில் வீட்டு பக்கெட்டில் இறக்கினேன். குழாய் சொட்டுவதும், கீழ்வீட்டு மோட்டார் ஓடுவதும்கூடத் தெளிவாகக் கேட்டன.

அடுத்து, நகரத்துக்குத் தெற்கே கழிவு கலக்காத கடல். படகோட்டி ஏழுமலை அண்ணனும் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டார். சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் இடைவிடாத படபடப்பு. சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது.

"அட, கடலு இம்மா பேச்சு பேசுதா!" என்றார்.

மறுநாள் அதே மைக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினும் அதே அளவு, வடக்குக் கடல். அண்ணன் இன்ஜினை அணைத்தார். ஒரு சொடுக்குகூட இல்லை. கெயினை ஏற்றினேன்.

டும்.

சற்று நின்று, மறுபடியும் டும். படகுக்கு அடியிலிருந்து யாரோ நிதானமாகத் தட்டுவதுபோல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினால் எதுவும் கேட்கவில்லை.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாரி ஆயிட்ச்சு? பேய் கீய் இருக்குதா?"

ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டார்.

"பேயி இல்ல, பம்பு. கரைலேர்ந்து கழிவ குழாய்ல தள்றான்." கழற்றப்போனவர் மறுபடியும் காதில் அழுத்திக்கொண்டார். "அது சரி... மத்ததுலாம் எங்க?"

நான் பதிவை ஓடவிட்டேன்.

3. மாங்காடு

இரண்டு கடலின் பதிவையும் கேட்ட ரெஜினா அக்கா வெகுநேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"ஒண்ணுமே கேக்கலன்னு பசங்க சிரிச்சா?"

"சிரிக்கட்டும்க்கா."

படத்தில் தெற்குக் கடலுக்கு அரை நிமிடம், வடக்குக் கடலுக்கு அரை நிமிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, மாங்காட்டில் ஒரு பள்ளி ஹால். படபடப்பு வந்ததும் பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். திரையில் வடக்குக் கடல் வந்தது. ஸ்பீக்கர் அடங்கியது. டீச்சர் பதறிப்போய் ஒயரைத் தூக்கிப் பார்த்தார்.

"ஐயோ மிஸ், அத தொடாதீங்க," என்றாள் முன்வரிசைப் பெண். "கேட்டுக்கினு இருக்கோம்."

ஹால் முழுக்கப் பிள்ளைகள் ஸ்பீக்கரை நோக்கிச் சாய்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. டும் என்றது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: கிளிப்பில் சத்தம் இல்லையென்றால் பேட்டரியைப் பாருங்கள். கேபிளைப் பாருங்கள். கழிவு கலக்காத தண்ணீரில் மைக்கை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், அந்தக் கிளிப்பில் எதையும் சேர்க்காதீர்கள்.